சாக்குப் போர்த்திய கன்று

எங்கள் பசு செவலையின் நாக்கு அரம் போலச் சொரசொரக்கும். பிடரியில் தொடங்கி உச்சந்தலைவரை ஒரே இழுப்பில் நக்கிவிட்டு அவள் விடும் மூச்சு, மென்ற புல்லின் வாசனையோடு சூடாகக் கழுத்தில் இறங்கும்போது எனக்குக் கூச்சமும் அழுகையும் சேர்ந்தே வரும். தொண்ணூறை நெருங்கும் இந்த வயதிலும் சில காலைகளில் அந்த நாக்கு பிடரியில் பட்டது போலிருந்து விழித்துக்கொள்கிறேன்.

நாங்கள் மாட்டுக் குடும்பம். கடல் தாண்டிக் கிள்ளானுக்கு மாட்டுவண்டி ஓட்ட வந்த தாத்தா பசு வளர்க்க ஆரம்பித்தார். அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால், காய்கறித் தோட்டம் போடும் சீனர்களுக்கு எரு, உழவுக்குக் கேட்டவர்களுக்குக் காளை என்று எங்கள் கொட்டகை ஊருக்கே பொதுவாக இருந்தது. தாத்தா விட்டுப்போனது மாடுகளும் ஒரு சட்டமும். "கன்னு குடிச்ச மிச்சந்தான் நமக்கு." முதலில் கன்றை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் அதை இழுத்துத் தாயின் முகத்தருகே கட்டுவார்கள், அவள் அதை நக்கிக்கொண்டு நிற்க, அப்பா கறப்பார். மற்ற நேரங்களில் இருக்கிற பாலையெல்லாம் குடித்துவிடாதபடி கன்று கொட்டகையில் தனியே கட்டிக் கிடக்கும்.

அந்தக் கட்டுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் காளைகள் வண்டி இழுக்கப் போயின, பசுக்கள் ஒவ்வொன்றாக இறைச்சிக்குப் போயின, கடைசியில் செவலையும் அவள் கன்றும்தான் மிஞ்சினார்கள். ஒரு நாள் அப்பா செவலையை ஆற்றோரம் மேய்க்கப் போயிருந்தபோது சிப்பாய்கள் லோரியில் வந்தார்கள். கட்டிக் கிடந்த கன்றைக் கயிற்றோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கும்பிட்டுக் கெஞ்சியது அவர்கள் காதில் ஏறவே இல்லை.

திரும்பி வந்த செவலை போட்ட கத்தலை நான் எப்படி எழுதுவேன்? மடி கல்லாக இறுகிவிட்டது. அப்பா தொட்டால் உதைத்தாள். கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்திக் கறப்பது எங்கள் வழக்கம். எங்கள் கன்றுக்குத் தோல்கூட மிஞ்சவில்லை.

அந்தப் பாலை நம்பி ஓர் உயிர் இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த, ரயில்வேயில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியாரின் மனைவி பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். கடைகளில் டின்பால் காணாமல் போயிருந்தது. மறுநாள் காலையில் கிராணியார் வெறும் செம்போடு வாசலில் வந்து நின்றார். "அண்ணை, பிள்ளை அழக்கூட ஏலாமல் கிடக்குது" என்றார். பெரிய மனிதர் அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா கொட்டகைக்குள் போய், கன்று படுத்திருந்த கோணிச்சாக்கை உதறாமல் எடுத்து வந்து என் முதுகில் போர்த்தினாள். அந்த நாளில் சாக்குதான் எனக்குப் பாவாடையும். மேலே இன்னொன்று ஏறியது, அவ்வளவுதான்.

"தாயி, கொஞ்ச நேரம் அவளுக்குக் கன்னா நில்லு. வாய மட்டும் தொறந்துராதே."

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "ஏமாத்தி வாங்குற பாலு ஒடம்புல ஒட்டாது" என்றார். அம்மா பாத்திரத்தை அவர் கையில் திணித்தாள்.

நான் நாலு காலில் நின்றேன். பெரிய மூக்கு சாக்கில் பதிந்தது, நெடுநேரம் மோந்தது. பிறகு அந்த நாக்கு. பின்னால் பாத்திரத்தில் சர்ரென்று பால் விழும் சத்தம் கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து செவலையைப் பங்சார் பக்கத்து ரப்பர் மரங்களுக்குள் மறைத்து வைத்தோம். தினமும் விடிந்ததும் நான் கன்றானேன். தெருப்பிள்ளைகள் "கன்னுக்குட்டி" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். மரத்தில் மாட்டியிருந்த சாக்கு ஒரு நாள் காணாமல் போய்விட்டது. உடுத்தத் துணியில்லாத காலத்தில் யாரைத் திட்டுவது? அம்மாவின் முகம் செத்துப்போனது. நான் வெறும் முதுகோடு செவலையின் முன்னால் போய் நின்றேன்.

அவள் மோந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். பால் வராவிட்டால் அந்தப் பிள்ளை என்னாகும்? அப்போது பிடரியில் அந்த நாக்கு, வழக்கத்தைவிட மெதுவாக, ஒருமுறை ஏறி இறங்கியது. பால் சுரந்தது.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவளைக் கும்பிட்டார். "நாமதான் ஏமாந்துட்டோம் தாயி. அவ ஏமாறல" என்றார் என்னிடம். தன் கன்றைத் தூக்கிக்கொண்டு போன மனித சாதியின் பிள்ளைக்குத் தெரிந்தே அவள் பால் கொடுத்தாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ரப்பர் மரங்கள் நின்ற பக்கமெல்லாம் அடுக்குமாடிகள். பால், பெட்டியில் அடைத்துக் குளிர்ந்த அலமாரியில் இருக்கிறது. எந்தப் பசு, எந்தக் கன்று என்று கேட்க ஆளில்லை. அந்தப் பாலில் வளர்ந்த கிராணியாரின் மகன், என் தம்பி, கிள்ளானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். பொங்கலுக்கு நான் அங்கேதான். பானை பொங்கியதும் பேரப்பிள்ளைகள் கிண்ணத்தோடு முண்டுவார்கள். அவன் அவர்களைக் கையால் விலக்கிவிட்டு, முதல் கரண்டியை என் பக்கம் நீட்டுவான்.

"இருங்கலா. மொதல்ல கன்னு குடிக்கட்டும். மிச்சந்தான் நமக்கு."