குவார்ட்டர்ஸில் குறிப்பெடுத்த நாட்கள்

மனிதர்களைப் படிப்பதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. அதில் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, காலிங் பெல்லை அழுத்திவிட்டு அசட்டுச் சிரிப்போடு நிற்பது. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் கேள்விகளோடு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நீங்கள் நம் கட்சி.

இந்தியாவுக்கு பஸ்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் சமூகவியல் எம்.ஏ. படித்தேன். பல இனத்தவர், பல பண்பாட்டினர் சேர்ந்து வாழும் விதம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் நாகாலாந்து, அஸ்ஸாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலோ, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் தனியாக அனுப்பவே யோசிப்பார்கள்.

பேராசிரியர் கறார் பேர்வழி. புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயமாவது கொண்டுவராவிட்டால் கட்டுரையை ஏற்க மாட்டார். அடுத்த வருஷம் மறுபடி எழுத வேண்டியதுதான். எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்தாகிவிட்டது. அஸ்ஸாம் என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"எதுக்கும்மா அஸ்ஸாம்? கைலாசபுரத்துக்கு பஸ் இருக்கு. இந்தியா மொத்தமும் அங்கதான் குடியிருக்கு."

ஒரே அச்சு

கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையைப் பார்க்கத்தான் நான் வீடு வீடாகப் போனேன் என்று சொல்லலாம். ஒரு வீட்டில் அது கோதுமை மூட்டைக்கு, இன்னொன்றில் ஆவக்காய் ஜாடிகளுக்கு. நம் ஊர்க்காரரான பிலோமினா அக்கா வீட்டில் மாதா சொரூபமும் நீல பல்பும். கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுபோகும். கட்டியவர் ஒருவர், காரை ஒன்று, உள்ளே இத்தனை உலகமா!

பூரித்துப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் நீ பார்த்ததும்மா. கண்டுபிடிச்சது எங்க?"

காய்கறித் தமிழ்

பஞ்சாபிக்காரர் ஹர்ஜித் ஆன்ட்டி தமிழ் கற்றது தள்ளுவண்டியில் காய் விற்பவரிடம். அதனால் அவருக்கு 'ங்க' என்பதே தெரியாது. கணவரின் மேலதிகாரியையே "வா, உக்காரு" என்றுதான் வரவேற்பாராம். என் கையில் பூரிக்கட்டையைக் கொடுத்து, சப்பாத்தி தேய்த்தால்தான் பதில் என்று உட்கார்ந்துவிட்டார். நான் தேய்த்தது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. அதைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்க வீட்டுக் கல்யாணம் எல்லாம் கேட்டே. உன் கல்யாணம் எப்போ? அதை மொதல்ல சொல்லு."

பத்திய ஷிப்ட்

அடுத்த பிளாக்கில் மிதாலி என்ற வங்காளிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் அம்மா ஊரில் வெள்ளம், ரயில் ஓடவில்லை. ஆகவே அக்கம்பக்கத்தார் புறப்பட்டு வந்தார்கள். பிலோமினா அக்கா பூண்டுக் குழம்போடு வந்தார். ஹர்ஜித் ஆன்ட்டி, கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் செய்த பஞ்சீரியோடு வந்தார். எதிர்வீட்டு மலையாள டீச்சர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். பச்சை உடம்புக்கு இவ்வளவு நெய்யா என்று ஒருவர். பூண்டு தின்றால் பிள்ளைக்கு வயிறு எரியும் என்று இன்னொருவர். பெரிய சண்டை வரப்போகிறது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சண்டை வரவில்லை. தங்கள் வீட்டு ஆண்கள் ஆலையில் செய்வதைப்போல மூன்று பேரும் ஷிப்ட் போட்டுக்கொண்டார்கள். காலையில் தமிழ்நாட்டுப் பத்தியம், மத்தியானம் பஞ்சாப், சாயங்காலம் மலையாள எண்ணெய்க் குளியல். யாரும் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அடுத்தவர் வழக்கத்தைத் தொடவும் இல்லை. எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. ஒத்துக்கொள்ள முடிகிறதா என்று பிலோமினா அக்காவைக் கேட்டேன்.

"அவங்க ஷிப்டுல என்ன குடுத்தாங்கன்னு நான் கேக்கறதில்லம்மா. என் ஷிப்டுல பச்சத் தண்ணி கிடையாது, அவ்வளவுதான்."

கிணற்றடி

பிரசவமான வீட்டுக்குப் போய்விட்டு ஸ்ரீரங்கம் திரும்பினேன். அம்மா வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள். "தீட்டு வீட்டுக்குப் போயிட்டு உள்ளே கால் வைக்காதே. நேரே கிணத்தடிக்குப் போ." ஆராய்ச்சியாவது ஒன்றாவது! தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடுங்கினேன். துண்டை நீட்டிய அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அது சரி, பெத்த தாய் வரலைங்கறே, அந்தப் பொண்ணுக்கு லேகியம் யார்டி கிளறித் தரா?"

மறுநாள் என் பையில் லேகிய டப்பா ஏறியது.

எழுத வருகிறவர்

குழந்தை பிறந்த ஆறாம் நாள் சாயங்காலம் மிதாலி அழுதுகொண்டிருந்தாள். ஹர்ஜித் ஆன்ட்டி இந்தியில் விசாரித்து எங்களுக்குச் சொன்னார். அவர்கள் ஊரில் ஆறாம் நாள் இரவு கடவுள் வந்து குழந்தையின் விதியை எழுதுவாராம். தலைமாட்டில் வெள்ளைத் தாளும் புதுப் பேனாவும் வைக்க வேண்டும். அதை வைக்க வேண்டிய அம்மா வரவில்லை. மகளுக்கு ஒன்றும் எழுதப்படாமலே போய்விடுமோ என்று பயம்.

தலையெழுத்து என்று நாம் நாளெல்லாம் சொல்கிறோம்; அதற்குத் தாளும் பேனாவும் எடுத்து வைப்பார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கட்டுரையை நல்லபடி எழுதி முடிக்க அப்பா வாங்கித் தந்த புதுப் பேனா, மை காணாமல் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிலோமினா அக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு ஸ்டூலைத் துடைத்து, தாளை விரித்து, பேனாவில் தன் கையாலேயே மை நிரப்பி வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. மிதாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹர்ஜித் ஆன்ட்டிக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது.

"பாப்பா திருச்சிக்காரி ஆச்சே. கடவுள் எந்த பாஷையில எழுதுவான்?"

கடைசிக் கேள்வி

பேனா என்னிடம் திரும்பி வந்தது. அதிலேயே கட்டுரையை எழுதினேன். மூன்று ஷிப்டையும் அந்த ஸ்டூலையும் பற்றிய பக்கங்களைப் பேராசிரியர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை எந்த இனத்துப் பழக்கம்னு போடறதும்மா?" என்றார். கைலாசபுரத்துப் பழக்கம் என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்படியே போடு. இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் வகுப்புதான் கொடுத்தது. என் பேனாவால் அதற்கு முன்பே எழுதியவர், அந்தக் குழந்தைக்காவது முதல் வகுப்பு போட்டிருப்பார் என்று நம்புகிறேன்.