அம்மன் வரிக்குக் கீழே

கோமதி இறந்த செய்தி வந்தபோது நான் போளூர் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கடையின் வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். காய்ச்சல். ஆரணியில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம், வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் பிழைக்க நினைப்பவர் வேலூர் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை விதி என்று எழுதியிருந்த எவருக்கும் நான் பதில் போடவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவளைப் பட்டுக்கடை மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவளாகத்தான் அறிவீர்கள். பக்கத்து மேசையில் நான் புடவைக்கு டிசைன் போட்டேன். இன்னும் போடுகிறேன், இதை எழுதிய பிறகு தெரியாது. நெசவாளருக்குக் கொடுத்த நூலின் எடையையும் திரும்பி வந்த புடவையின் எடையையும் எழுதுவது அவள் வேலை. நெய்யும்போது அறுந்தும் உதிர்ந்தும் போகிற நூலுக்காகக் கழிவு என்று ஒரு பங்கு விடுவார்கள். அதற்கும் மேல் குறைந்தால் நெசவாளர் எடுத்துவிட்டார் என்று பொருள்.

ஓர் ஆடியில் அந்தக் கணக்கை எக்செலுக்கு மாற்றினாள். அந்தக் கடையில் எந்தக் கணக்கும் அம்மன் வரியில்தான் தொடங்கும். படவேட்டு அம்மனுக்குச் சாத்த நெய்யும் புடவைக்குக் கொடுத்த நூல் முதல் வரி; ஆட்கள் எல்லாம் அதற்குக் கீழே. கழிவு விகிதத்தை மேலே ஒரு கட்டத்தில் எழுதினாள். அம்மன் வரியில் ஃபார்முலா போட்டுச் சரிபார்த்து, கடைசிப் பெயர்வரை இழுத்துவிட்டாள். முதலாளியும் முதல் வரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரி என்றார்.

கட்டத்தின் பெயரோடு டாலர் குறி போட்டுப் பூட்டாவிட்டால், ஃபார்முலா ஒரு வரி இறங்கும்போது அது பார்க்கும் கட்டமும் ஒரு வரி இறங்கிவிடும். அவள் பூட்ட மறந்திருந்தாள். விகிதம் எழுதிய கட்டத்துக்குக் கீழே எல்லாம் வெற்றுக் கட்டங்கள். வெற்றுக் கட்டம் என்றால் கழிவு பூஜ்யம். அம்மனைத் தவிர அத்தனை பேரும் நூல் திருடியவர்கள் ஆனார்கள்.

எல்லாப் பெயருக்கும் நேராகக் குறைவு வந்தால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும். முதலாளி ஆட்களைச் சந்தேகித்தார். "எனக்கு எப்பவோ தெரியும்மா. இப்ப மிஷினே சொல்லுது" என்றார். சேவூர் ஏழுமலை இரண்டு தறிக்காரர். அதிக நூல் வாங்கியவர் என்பதால் அவருக்குத்தான் பெரிய குறைவு. அவருக்கு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

"இன்னா மொதலாளி, நூல சோத்துல போட்டுப் பெசஞ்சா தின்னேன்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் ஏழுமலை. யாரோ சிரித்தார்கள். அன்று மதியம் கோமதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தாள்.

"நாந்தாண்டி பண்ணி வெச்சிட்டேன்" என்றாள் என்னிடம். "ஊருல அம்மன் மட்டுந்தான் யோக்கியம்னு எழுதி வெச்சிகினு இருக்கேன்."

திருத்திய கணக்கை முதலாளியிடம் காட்டினாள்.

"அதான் திருத்திட்டல்ல, விடு. வெளிய சொல்லிகினு திரியாத. நாளைக்கு நெசமா திருடினவனும் கம்ப்யூட்டர் தப்புன்னுவான். பேஜார்."

"ஏழுமலை அண்ணனுக்கு?"

"அப்புறம் கூப்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை புடவைகளோடு காத்திருந்த நெசவாளர்கள் முன்னால் போய் நின்றாள். "ஏழுமலை அண்ணன் நூல் எடுக்கலீங்க. யாருமே எடுக்கல. தப்பு நான் பண்ணது" என்றாள்.

"இத்த மொதல்லயே பாக்கக் கூடாதா கண்ணு?" என்றார் பின்னால் இருந்த ஓர் அம்மா.

"பாத்திருக்கணும்மா."

கொஞ்ச நாளில் அவளுக்கு அங்கே வேலை இல்லை. முதலாளி சொன்ன காரணம் வேறு. ஏழுமலையையும் யாரும் கூப்பிடவில்லை; விசைத்தறிக் கொட்டகைக்குக் கூலியாகப் போனார். பிறகு எப்போது அந்தப் பேச்சு வந்தாலும் கோமதி சொல்வாள்: "கம்ப்யூட்டரு யாரையும் திருடன்னு சொல்லாதுடி. நாம சொல்லிட்டு அது தலையில போட்டுடறோம்."

சாவு வீட்டில் தெருவோர நாற்காலிகளில் கடை ஆட்களும் இருந்தோம். ஏழுமலை மாலையோடு வந்தார். எனக்குப் பின்னால் ஒருவர், "இவன் அந்த நூல் திருடினவன் இல்ல?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். இத்தனைக்குப் பிறகும் அதுதான் ஊரில் நின்றிருந்தது. முதலாளி இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். அவருக்கும் கேட்டது. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். "அவரு எடுக்கலீங்க. எங்க கடைக் கணக்குதான் தப்பு."

மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிய ஏழுமலை, "விடும்மா, சாவு வீடு" என்றார்.

விடவில்லை. முதலாளியைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன். கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். சொல்ல இனி அவள் இல்லை. நீங்களும் அவளை அறிந்தவர்கள். சேவூர்ப் பக்கம் போனால் நீங்களும் சொல்லுங்கள்: ஏழுமலை நூல் எடுக்கவில்லை.