கல்நீந்தியின் மூன்றாம் பாகத்தைத் தேடி அரியலூர், பெரம்பலூர்

அரியலூர்ப் பக்கம் கல்லாகிப்போன சங்குகளையும் நத்தைகளையும் பார்க்க எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இந்தத் தளத்தின் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் முதன்முதலில் போனது 1985-ல், மாசி மாதம். கல்லைப் பார்க்கப் போகவில்லை. ஒரு சூப்பர் ஹீரோவின் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. மீதியை வாங்கிவரப் போனேன்.

அப்போது சென்னையில் ஒரு காமிக்ஸ் பத்திரிகையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் பக்கங்களில், பேச்சு பலூன்களில் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை பூசி மறைத்துவிட்டு அதே இடத்தில் தமிழை எழுதுவது என் வேலை. ஆங்கிலம் அடங்குகிற பலூனில் தமிழ் அடங்காது. வெட்டி வெட்டித்தான் எழுதவேண்டும். அதனால் எங்கள் நாயகர்கள் எல்லோரும் ரொம்பக் குறைவாகப் பேசுவார்கள். அதை வீரத்தின் லட்சணம் என்று பாராட்டி வாசகர்கள் கடிதம் போடுவார்கள். உண்மையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

சம்பளத்துக்காக மட்டும் அந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னால் பொய். முகமூடி, முதுகில் பறக்கும் அங்கி, ஒரே குத்தில் இடிந்து விழும் சுவர் எல்லாமே எனக்குப் பிடிக்கும். இருபத்தெட்டு வயதில், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அடுத்த இதழின் பக்கங்களைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கையில்தான் அரியலூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் கலியபெருமாள். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறவர், அபாயப் பலகைகள் வரைகிறவர். உள்ளே முப்பத்திரண்டு பக்கம். கதையின் நாயகன் ஒரு சுரங்கத் தொழிலாளி. மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். இருட்டில் சுருள் சுருளான ஒரு கல்நத்தை கையில் தட்டுப்படுகிறது. அதைத் தொட்டதிலிருந்து பாறை அவனுக்குத் தண்ணீர் மாதிரி. தரையில் தலைகீழாகப் பாய்ந்தால் உள்ளே போய்விடுவான், நீந்துவான், பத்து மைல் தாண்டி வேறோர் ஊரில் எழுவான். அந்தப் பூமியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது உண்மை. அந்தக் கடல் இன்னமும் கல்லுக்குள் அலையடித்துக்கொண்டிருக்கிறது என்பது கலியபெருமாளின் கற்பனை. பெயர் கல்நீந்தி.

எங்கள் நாயகர்கள் அத்தனை பேரும் அடுக்குமாடிகளுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தபோது இவன் ஒருவன்தான் பூமிக்குள் போனான். இரண்டு பாகம் வெளியிட்டோம். கடைகளில் ஒரு பிரதி மிஞ்சவில்லை. மூன்றாவதும் கடைசியுமான பாகம் வரவேண்டிய நேரத்தில் தபால் நின்றுவிட்டது. இரண்டு தந்தி கொடுத்தும் பதில் இல்லை. ‘நேரில் போய் ஆளைப் பாரு. முடிஞ்சா கையோட மெட்ராஸுக்கே கூட்டிட்டு வந்துடு’ என்றார் முதலாளி. மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலையும் தரச் சம்மதித்திருந்தார். நான் பையில் இரண்டாம் பாகத்தின் நான்கு பிரதிகளையும், வரைவதற்கான நல்ல தடித்த தாள்கள் ஒரு கட்டும் எடுத்துக்கொண்டேன்.

எழும்பூரிலிருந்து அரியலூர் சுமார் 265 கிலோமீட்டர். அப்போது மீட்டர் கேஜ் பாதை. காலையில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் வழியாக மதியத்துக்கு மேல் கொண்டுபோய் விடும். விருத்தாசலத்தில் வாங்கிய தயிர்சாதப் பொட்டலத்தைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அரியலூரில் இறங்கியதும் கண்ணில் பட்டது வெள்ளைத் தூசி. கூரை, மரம், நிற்கிற சைக்கிள் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது.

குதிரை வண்டி ஒன்றைப் பேசிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனேன். வாசலில் ஒரு லாரி டிரைவர் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

“கலியபெருமாளுங்களா? அவரு வேலைக்கு வந்தே ஒரு மாசம் இருக்கும். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலதான் கெடக்குறாரு. அக்கா மவளுக்குக் கால் ஒடஞ்சுபோச்சு.”

எப்படி என்று கேட்டேன். பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். பஸ் குன்னம் வழியாகப் போனது. குன்னத்தில் வெங்காய மூட்டைகள் ஏற்றுவதற்காகவே கால் மணி நேரம் நின்றது. இரண்டு பக்கமும் மானாவாரிக் காடுகள். பருத்தி எடுத்து முடித்து வெடித்துக் கிடந்தது மண். வானத்தை நம்பி வாழ்கிற ஊர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. பெரம்பலூரில் இறங்கியபோது ஐந்து மணி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் பதினைந்து ரூபாய்க்கு அறை கிடைத்தது. பையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கலியபெருமாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரல் நகங்களில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்ததை வைத்துத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன். முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். கட்டிலில் பதினோரு வயதுப் பெண், ராணி. தொடை எலும்பு முறிந்து, காலில் கயிறு கட்டி மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர் அவள் அம்மா பவுனு, கலியபெருமாளின் அக்கா. ராணிக்கு அப்பா இல்லை. சிறுவயதிலிருந்தே மாமா வீட்டில்தான் வளர்கிறாள்.

நான் யார் என்று சொன்னதும் கலியபெருமாள் எழுந்து கைகூப்பினார். பையிலிருந்து இரண்டாம் பாகத்தின் பிரதி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். அட்டையில் கல்நீந்தி தலைகீழாகப் பாறைக்குள் பாய்ந்துகொண்டிருந்தான். அவர் வாங்கவில்லை. ராணிதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“இந்தப் பொஸ்தவத்தப் பாத்துட்டுத்தான் சார் எம்புள்ள பள்ளத்துல குதிச்சுச்சு,” என்றார் பவுனு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரியாதவருக்கு விஷயத்தை விளக்குகிற மாதிரி சொன்னார்.

சுரங்கத்தின் பழைய பள்ளம் ஒன்றின் விளிம்பிலிருந்து, கீழே கொட்டிக் கிடந்த சுண்ணாம்பு மண் குவியலைப் பார்த்துக் குதித்திருக்கிறாள். மேலே தூளாக இருந்தது, உள்ளே கல். மயக்கம் தெளிந்ததும் ராணியே டாக்டரிடம் குதித்ததாகத்தான் சொன்னாளாம். இப்போது அவள் வேறு மாதிரி சொன்னாள்.

“நான் ஒண்ணும் குதிக்கல சார். கால் வழுக்கிடுச்சு. மாமா சும்மா பயப்படுது. மூணாவது பொஸ்தவத்த எழுதச் சொல்லுங்க.”

வெளியே வராந்தாவில் கலியபெருமாள் என்னிடம் சொன்னார்: “அவ பொய் சொல்றா சார். நான் மறுபடி வரையணுங்கிறதுக்காவ பொய் சொல்றா.”

அக்கா தன்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது என்றும் சொன்னார். ஒரே அறையில் இருக்கிறார்கள், அவர் வாங்கிவருகிற இட்லியை அக்கா சாப்பிடுகிறார், பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் காலை கலியபெருமாள் வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குக் கிளம்பினார். பெண்ணுக்கு நடை வந்தால் போதும் என்று வேண்டிக்கொள்ள. நானும் கூடப் போனேன். பெரம்பலூரிலிருந்து சென்னை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெரிய கோயில், அன்று எங்களைத் தவிர ஆளே இல்லை. அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். முதலாளி சொன்ன வேலையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கல்நீந்தியைப் பறக்கிறவனாக மாற்றிவிடலாமா என்று முதலாளி யோசித்ததையும் சொன்னேன்.

“பறக்குறவனா ஆக்குனா மாடியிலேருந்து குதிப்பாங்க சார்,” என்றார்.

பிறகு நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கதையை இப்படியே விட்டால் அவன் இன்னும் கல்லுக்குள் நீந்திக்கொண்டேதான் இருப்பான். தமிழ்நாடு முழுக்கப் படித்த பிள்ளைகள் மனதில் அவன் அப்படியே நிற்பான். முடித்துவைத்தால், கல் கல்தான் என்று அவர்களுக்குச் சொல்லிவிடலாமே. திரும்பும் பஸ்ஸில் கலியபெருமாள் என் மடியிலிருந்த தாள் கட்டைப் பிரித்து, ஒரு தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நல்ல தாள் சார் என்றார். வரைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மதியம் ஆஸ்பத்திரியில், ராணி கேட்டாள் என்று, முடிவை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் இல்லாமல் விரலால் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டிக்கொண்டே சொன்னார். மூன்று வருஷமாக மழை இல்லை. குன்னம் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் வறண்டு கிடக்கின்றன. கல்நீந்தி அடியிலும் அடியில் இருக்கும் பழைய கடலுக்குப் போகிறான். அந்தக் கடலை ஒரு போர்வையைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேலே வருகிறான். ஒவ்வொரு கிணறாகத் தண்ணீர் ஏறுகிறது.

“கடல் தண்ணி உப்பால்ல இருக்கும்?” என்றாள் ராணி.

“இத்தன காலம் சுண்ணாம்புல ஊறிக் கெடந்துச்சில்ல. உப்பெல்லாம் எறங்கிப்போயிருக்கும்.”

அதை ஒப்புக்கொண்டாள். பவுனுகூடச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கலியபெருமாள் தொடர்ந்தார். கடல் போய்விட்டது. கல்லுக்குள் இனி தண்ணீர் இல்லை. கல்நீந்தி கடைசியாகத் தரையில் கையை வைத்துப் பார்க்கிறான். கெட்டியாக இருக்கிறது. எழுந்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வேலைக்கு நடக்கிறான். அவ்வளவுதான்.

ராணியின் கண் கலங்கியிருந்தது. “அப்ப கடல் அப்பவே காலியாயிடுச்சா மாமா?” என்று கேட்டாள். “அதான் நான் குதிச்சப்ப உள்ள போவலயா?”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. புத்தகத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கலியபெருமாள் மடியிலிருந்த தாளைக் கசங்காமல் எடுத்து, மற்ற தாள்களோடு சேர்த்து, நூலால் கட்டி என் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவரே என் பையைத் திறந்து உள்ளே வைத்தார்.

பவுனு எழுந்து மகளின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு தம்பியைப் பார்த்து, “சாப்டியா?” என்று கேட்டார்.

சாயங்காலம் சென்னை பஸ் ஏற்றிவிட வந்தவர், ஒரு மாதத்தில் அக்கா தன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்றார். “எனக்கு அது போதும் சார். மொதலாளிகிட்ட கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க.” முடிவைத்தான் சொல்லிவிட்டாரே, வேறு ஓவியரை வைத்து வரையலாமா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த இதழில், தவிர்க்க முடியாத காரணங்களால் தொடர் நிறுத்தப்படுகிறது என்று ஒரு மூலையில் போட்டோம். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். பிறகு பல மாதங்கள் கார்டுகள் வந்தன. கல்நீந்தி எங்கே என்று கேட்டு. சில ஆண்டுகளில் பத்திரிகையும் நின்றது. நான் வேறு வேலைக்குப் போனேன். இன்று சூப்பர் ஹீரோ படம் வந்தால் முதல் நாளே பேரப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். கோடிகளைக் கொட்டி எடுக்கிறார்கள். ஒருவன்கூட ஊர்க் கிணற்றுக்காகக் கடலைச் சுருட்டித் தூக்கி வருவதாக நான் இதுவரை பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நான் போன காலத்தில் இதெல்லாம் ஒரே திருச்சி மாவட்டம். இப்போது பெரம்பலூர் தனி, அரியலூர் தனி. ரயிலில் போவதென்றால் அரியலூரில் இறங்குவதுதான் வசதி. பஸ்ஸில் போனால் பெரம்பலூர். இரண்டுக்கும் நடுவே பஸ் நிறைய. கல்லாகிப்போன சங்குகளை வெயிலுக்குமுன் காலையிலேயே பார்த்துவிடுங்கள், தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். பழைய பள்ளங்களின் விளிம்பு நம்பக்கூடியது அல்ல. பிள்ளைகளோடு போகிறவர்கள் கையை விடவேண்டாம். வாலிகண்டபுரம் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் திருச்சி போகும் வழியில் பெரம்பலூரில் இறங்கி விசாரித்து ராணியைக் கண்டுபிடித்தேன். துணிக்கடை ஒன்றில் துணி அளந்து கொடுக்கிறார், கணக்கும் பார்க்கிறார். நடையில் லேசான சாய்வு. மாமா போய்ப் பத்து வருடம் ஆகிறது என்றார். கடைசிவரை லாரி நம்பரைத் தவிர எதையும் வரையவில்லையாம். வளர்ந்த பிறகு ராணி எத்தனையோ முறை கேட்டும் சிரித்துவிட்டுப் போய்விடுவாராம்.

“கால் ஒடஞ்சதுக்கெல்லாம் எனக்கு வருத்தமே இல்ல சார்,” என்றார். “அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய மட்டும் வாய்க்குள்ள வச்சிருந்தா, மாமா வரைஞ்சிருக்கும்.”

பதினோரு வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே அம்மா என்று சொன்னேன். சரி என்றார். கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எழுந்து, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.