அம்மாவுக்கு வெட்டிய இசைத்தட்டு

பழுத்த வாழைப்பழத்தையும் வார்னிஷ் டப்பாவையும் ஒரே அலமாரியில் பூட்டிவைத்துச் சில நாள் கழித்துத் திறந்தால் எப்படியொரு வாடை எழுமோ, அப்படியொரு வாடை கந்தப்பளைக் கடைவீதியில் இருந்த என் மாமாவின் ரேடியோ கடைப் பின்னறையில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். வெற்று இசைத்தட்டின் மேல் பூசியிருக்கும் கறுப்புப் பூச்சின் வாடை அது. சுழலும் தட்டில் வெட்டூசி இறங்கி அந்தப் பூச்சைக் கீறிக்கொண்டு போகும்போது, தலைமயிரைவிட மெல்லிய கறுப்பு இழையொன்று சுருண்டு சுருண்டு எழும். அதை நாங்கள் "நூல்" என்போம். நூல் ஊசியில் சிக்கினால் தட்டு பாழ். தீப்பொறி பட்டால் "குப்"பென்று பற்றிக்கொள்ளும். அதனால் மாமா ஒரு கையில் ஒட்டகமயிர்ப் பிரஷ்ஷுடன் நூலை நடுப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே நிற்பார்; பீடி பிடிக்கிற எவரையும் அந்த அறை வாசலைத் தாண்ட விடமாட்டார்.

மாமா அருணாசலம் அம்மாவுக்கு மூத்தவர், கொழும்பில் ரேடியோ வேலை பழகித் திரும்பியவர். நாங்கள் கடைவீதிக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்து "லயத்தில்", தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறையில் இருந்தோம். நான் நடை பழகுமுன்பே அப்பா நெஞ்சுச் சளியில் போய்விட, அம்மா முத்தம்மா கொழுந்து பறித்து அக்கா பவளத்தையும் என்னையும் வளர்த்தாள்.

ஐம்பதுகளின் நடுவில், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை தன் பங்களாச் சாமான்களை விற்றபோது, குரல் பிடிக்கும் கருவிகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று நாடாவில் பதிவது, புதிது, கையில் தூக்கிப் போகலாம். மற்றது தட்டு வெட்டுவது, பழையது, இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். நாடாவென்றால் பிடித்ததை அழித்து மறுபடி பிடிக்கலாம், தட்டில் ஒரு தும்மல் விழுந்தாலும் விழுந்ததுதான் என்று எல்லோரும் நாடாவையே வாங்கச் சொன்னார்கள். மாமா வெட்டு மிசினை வாங்கினார். "நாடாவைக் கொண்டுபோய் எந்த லயத்துல போட்டுக் கேக்கறது? கிராமபோன் பெட்டி இல்லாத தோட்டம் உண்டா?" என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்த மிசினுக்கு எங்கள் குளிர் ஆகவில்லை. குளிரில் பூச்சு இறுகி, வெட்டும்போதே இரைச்சல் கிளம்பும். ஆகவே வெற்றுத் தட்டைக் கம்பளிக்குள் வெந்நீர்ப் போத்தலோடு சுற்றிவைத்து, இளஞ்சூடானதும்தான் எடுப்பார். லொறி போனால் பலகைத் தரை அதிரும் என்று சிமெந்து மேடை கட்டி அதன்மேல் மிசினை வைத்தார். தட்டின் நடுவில் ஒரு கண்ணாடிக் குண்டை விட்டு, அது எந்தப் பக்கமும் உருளாமல் நிற்கும்வரை மிசினின் காலுக்கடியில் அட்டை செருகுவார். இரும்பு வெட்டூசி மலிவு, சீக்கிரம் மழுங்கும். நீலக்கல் ஊசி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வெட்டும், ஆனால் கை தவறினால் முனை உடைந்துபோகும். கல்யாண வாழ்த்துக்கும் கோயில் பாட்டுக்கும் இரும்பு; ஊருக்குப் போகிறவர்களின் குரலுக்கு மட்டும் நீலக்கல்.

கடல் தாண்டி இந்தியாவுக்கு, ஊருக்குப் போகிறவர்கள் அப்போது அதிகமாகிக்கொண்டிருந்தார்கள். இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுக்கள் திரும்பி வந்தபடி இருந்தன. அக்காவைக் கட்டிய வீட்டாரின் மனுவும் தள்ளுபடியாக, அவர்கள் திருச்சிப் பக்கம் தங்கள் பாட்டன் விட்டுவந்த ஊருக்கே போய்விடுவதென்று முடிவெடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறினால் திரும்பி வருவது இனி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா அதற்கு அழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு இறங்கி வந்து, "அண்ணே, இவ எனக்கு அழறதைத் தட்டுல வெட்டிக் குடுங்க. நான் செத்தா வாசல்ல போடட்டும்" என்றாள்.

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிணமில்லாமல் ஒப்பாரி வைத்தால் பிணம் தேடி வரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

"வாயக் கழுவு புள்ள. உனக்கென்ன, மகன் இருக்கான்ல?"

"கொள்ளிக்கு மகன், ஒப்பாரிக்கு மக. அவனுக்குப் பாடவா தெரியும்?" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குப் பதினொரு வயது. நான் இருந்தும் அம்மாவின் சாவு ஊமைச் சாவாகத்தான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா நீலக்கல் ஊசியைப் பொருத்தினார். தட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இடமில்லை என்றும், குரலை உயர்த்தினால் ஊசி பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடும், மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாட வேண்டும் என்றும் சொன்னார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று என்னைச் சுவரோரம் உட்காரவைத்தார். முதல் தட்டு கெட்டது. அக்கா முதல் வரியிலேயே குரலெடுத்துக் கத்திவிட்டாள். இரண்டாவதில் அவளுக்குக் குரலே வரவில்லை. எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஊசி வெறுமையை வெட்டிக்கொண்டு போயிற்று.

"நீ உசுரோட உக்காந்திருக்கியேம்மா, எப்படி அழறது?"

மாமாவிடம் இன்னும் ஒரே தட்டுதான் இருந்தது. அம்மா எழுந்தாள். மூலையில் கிடந்த சாக்கை உதறி விரித்து, தெற்கே தலைவைத்து நீட்டிப் படுத்து, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். துணிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இப்பப் பாரு. செத்துட்டேன். அழு."

மாமா ஊசியை இறக்கினார். அக்கா பாடினாள்.

"கொழுந்துக் கூடையை எறக்கி வச்சுக்
கண்ணு மூடிப் படுத்தாயோ,
கடலுக்கு அந்தப்பக்கம் மக இருக்கக்
காத்திருக்க மாட்டாயோ..."

அதற்குப் பிறகு வந்த வரிகளெல்லாம் அந்த நேரத்தில் அவள் வாயில் பிறந்தவை. மாமா நூலை ஒதுக்கிக்கொண்டே, கண்ணீர் தட்டில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்த பிறகும் அம்மா அசையவில்லை. துணி ஏறி இறங்குகிறதா என்று நான் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் அதே பயம் வந்திருக்க வேண்டும். ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, "அம்மா, போதும்... எந்திரிம்மா" என்றாள். அதுவும் தட்டில் ஏறிவிட்டது.

தட்டைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுக்கும்போது மாமா சொன்னார்: "இது கடைத் தட்டு மாதிரி இல்ல. மேல்பூச்சு மெதுவானது. போடப் போடத் தேஞ்சிரும். அந்த ஒரு நாளைக்குன்னு பத்திரமா வச்சிரு."

அக்கா போய் ஒரு வருஷம் நிறையவில்லை. பிள்ளைப்பேற்றில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று மாமாவின் கடைக்குத் தந்தி வந்தது. எரித்த பிறகு அடித்த தந்தி.

அம்மா அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். அடுத்த காம்பிரா அறைகளின் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதும் அவள் வாய் திறக்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் "பெரட்டுக்கு" வராதவள் பெயரை வெட்டிவிடப்போவதாக, வேலையை மேற்பார்க்கும் "கண்டாக்கு" ஐயா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தேத்தண்ணிக் கடைக் கிராமபோன் பெட்டியைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறி வந்தார். இரும்பு ஊசி பூச்சைத் தின்றுவிடும் என்று மூங்கிலைச் சீவி ஊசி செய்து வைத்திருந்தார். "செத்தவ குரலை வீட்டுக்குள்ள விடாதீங்க" என்று வாசலில் பெரியவர்கள் தடுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செத்துப்போனவள் உயிரோடிருப்பவளுக்கு ஒப்பாரி பாடினாள். லயம் முழுக்க வாசலில் கூடி நின்று கேட்டது. பாட்டு முடிந்து, கொஞ்சம் இரைச்சலுக்குப் பின், "அம்மா, போதும்... எந்திரிம்மா" என்றது பெட்டி.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"திருப்பிப் போடுங்கண்ணே."

மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அதன்பின் ஒவ்வோர் அமாவாசைக்கும் தட்டு ஓடியது. தேய்ந்துவிடும் என்று மாமா கெஞ்சியபோது, "எனக்கு அழ வேணாம்ணே, அவ பேசினாப் போதும்" என்றாள். மாமாவின் மனுவும் திரும்பி வந்து, மிசினை நுவரெலியாவில் யாருக்கோ தள்ளிவிட்டு அவரும் கப்பலேறினார். அவர் போன பிறகு மூங்கில் ஊசி சீவ ஆளில்லை. தேத்தண்ணிக் கடையின் இரும்பு ஊசிதான் ஓடியது. முதலில் சொற்களின் ஓரங்கள் மழுங்கின. பிறகு வரிகளே கரைந்து, சட்டியில் கடுகு பொரிவதுபோன்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது. எந்த இடத்தில் சொல் தேய்ந்ததோ அந்த இடத்தில் அம்மா தானே அதைப் பாடி நிரப்பினாள். கடைசி வருஷங்களில் இரைச்சலோடு இரைச்சலாக முழு ஒப்பாரியையும் அவளே பாடினாள்.

அறுபதுகளின் நடுவில் மழைக்காலமொன்றில் அம்மா போனாள். பக்கத்துப் பெண்கள் வழக்கப்படி அழுதார்கள். நான் கொள்ளி வைத்தேன். தட்டைப் போடவில்லை, போட அதில் ஒன்றும் இல்லை.

இன்று மாமாவின் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். எங்கள் லயம் மண்சரிந்து போனபின் அங்கே தேயிலை நட்டுவிட்டார்கள். மாமாவிடமிருந்து சில காலம் செய்தி வந்து நின்றுபோயிற்று. அக்காவை எரித்த இடத்தை நான் பார்த்ததில்லை. அவளுக்குப் புகைப்படமும் கிடையாது. சென்ற மாதம் என் பேத்தி, என் அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வரிகள் ஒன்றுவிடாமல் வந்தன. ஆனால் எல்லாம் அம்மாவின் குரலில்தான் வந்தன.