மீன் படாத தட்டு

எங்கம்மா செத்ததும் நான் அழுதத விட எங்க அத்தை கூட சண்ட போட்டது தான் அதிகம். எல்லாம் ஒரு தட்டால.

பல்லாவரம் சந்தையில அம்மா வாங்கினது. மண்ணு தட்டு தான். ஆனா மேல ஒரு பூச்சு, நேரா பாத்தா தங்கம், சாய்ச்சா செம்பு. ஓரம் பூரா வளைஞ்சி வளைஞ்சி அரபு எழுத்து. அம்மா மீன் விக்கிறது. "சாமி பேரு கீது போல, கவுச்சி கையால தொடாத"ன்னு அத செவுத்துல மாட்டி, வெள்ளிக்கிழமையானா ஊதுவத்தி காட்டும். ஆனா ஆச மட்டும் போவல. "ஒரு நாளு இதுல வஞ்சிரம் வறுத்து வெச்சி ராணி மாரி துன்னணும்டி"ன்னு சொல்லும். துன்னாமயே போயிடுச்சி.

காரியத்தன்னிக்கு அந்த தட்டுல தான் வஞ்சிரம் வெச்சி படைப்பேன்னு நான் நின்னேன்.

"சாமி எழுத்து மேல மீனா? உனுக்கு புத்தி கீதா?"ன்னுது அத்தை.

"எழுத்துன்னு நீ படிச்சியா?"

"நீ மட்டும் படிச்சி கிழிச்சியா, எட்டாவது பெயிலு!"

தட்ட தூக்கிக்கினு எதுர் வூட்டு டெய்லர் பாய் கிட்ட ஓடினேன். பாவம் மனுசன், கை கழுவி, தொப்பி போட்டு, கண்ணாடி மாட்டி, தட்ட சுத்துறாரு சுத்துறாரு, பஸ்ஸு ஸ்டீரிங் மாரி. அவரு சம்சாரம் வந்து அதுவும் சுத்துது.

"இன்னா பாய், எதுனா சாபமா?"

"இது எழுத்தே இல்லம்மா. இந்த மாரி மின்னுற தட்டு அந்த காலத்துல அரபு நாட்டுல எங்காளுங்க செஞ்சது. அதுல நெஜமாவே எழுதியிருப்பாங்க. அத பாத்துட்டு, படிக்கத் தெரியாத எவனோ, அழகா கீதேன்னு சும்மா இழுத்து வுட்டுக்கிறான். கோலம்னு வெச்சிக்கோ."

"அப்போ மீன் வெக்கலாமா?"

"தாராளமா. எனக்கும் ரெண்டு துண்டு குடுத்தனுப்பு."

வந்து சொன்னா, அத்தை வாய பொளந்துச்சி. "இத்தினி வருசமா கோலத்துக்கா அவ ஊதுவத்தி கொளுத்துனா?"ன்னு சிரிச்சிது. சிரிச்சிக்கினே அழுதுது.

மொட்ட மாடியில தட்ட வெச்சேன். சோறு, மேல வஞ்சிரம். காக்கா வந்துச்சி, ஆனா கிட்ட வரல. வெயில்ல தட்டு மின்னுதா, கைப்பிடி செவுரு மேலயே அப்டிக்கா போவுது, இப்டிக்கா வருது. தலைய சாச்சி சாச்சி தட்டையே பாக்குது. அம்மா பாக்குமே, அதே மாரி.

"கோச்சிக்கினா பாரு"ன்னுது அத்தை.

எனக்கு தாங்கல. "எம்மா! அது எழுத்து இல்லியாம், பாய் பாத்துட்டாரு! பயப்படாம துன்னு!"ன்னு கத்துனேன்.

பட்டுனு குதிச்சிது. வஞ்சிரத்த மட்டும் கவ்விக்கினு பறந்துச்சி. சோத்த தொடவேயில்ல.

எங்கம்மாவே தான்.