விமானம் ஏறிய களப்பு நண்டுகள்

பெட்ரோலுக்கு வரிசையில் நின்று நின்று கால் வீங்கிய காலம் முடிந்து, அடுத்த மாரியும் பெய்து ஓய்ந்திருந்தது. அப்போதுதான் என் மகளின் முதலாவது நண்டுப் பெட்டிகள் சிங்கப்பூருக்கு விமானத்தில் போயின. அன்றைய படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன்வாடியில் நாற்பது வருடம் ஐஸ் உடைத்தவன். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டி மரத்தூளுக்குள் புதைந்து வரும். கோடரியின் பின்பக்கத்தால் எங்கே தட்டினால் எப்படிப் பிளக்கும் என்று கைக்குத் தெரியும். பாரை, சூரை, அறக்குளா எல்லாம் நான் ஐஸ் போட்டுத்தான் கொழும்புக்குப் போயின. சரி, நண்டுக்கு வருகிறேன்.

குறிஞ்சாக்கேணிக் களப்பில் நண்டு பிடிக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்போம், உயிர் நண்டுகளைக் கால் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். மொத்தம் ஆறு பெட்டி. பதினொரு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வாகனம். எல்லாம் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் சிங்கப்பூர்க்காரர் தொடர்ந்து எடுப்பார், செத்துப் போனால் இந்தத் தொழில் அதோடு சரி என்று மகள் சொல்லியிருந்தாள். பிறகு ஏற்றுமதிப் பத்திரத்துக்கு முத்திரை வாங்க மீன்பிடிக் கந்தோருக்குப் போனாள். நானா தேத்தண்ணிக்குப் போனார்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடல் தண்ணியில் நனைத்த சாக்கு மட்டும் கிடந்தது. பிள்ளை அவசரத்தில் ஐஸை மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கடல் தாண்டிப் போகிற சாமான் ஐஸ் இல்லாமல் போகுமா? வாடியில் ஐஸ் வாங்கிவந்து உடைத்து, இரண்டு பெட்டியை நன்றாக நிறைத்தும் விட்டேன்.

திரும்பி வந்த நானா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, இது செத்த மீனில்லை. உயிர்ச் சாமான். ஐஸ் தண்ணி பட்டா விறைச்சுப் போயிடும்.”

இருவருமாக ஐஸை வாரிக் கொட்டி, நண்டுகளை நிழலில் சாக்குப் போட்டுப் பரப்பினோம். உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைத் தொட வேண்டுமாம். உயிருள்ள நண்டு கண்ணை உள்ளே இழுக்கும். தொட்டுக்கொண்டே போனேன். ஒன்றும் இழுக்கவில்லை.

அந்த நேரம் மகளும் வந்துவிட்டாள். ஏசுவாள் என்று நின்றேன். அவள் குந்தியிருந்து ஒவ்வொரு கண்ணாகத் தொட்டாள்.

“நல்லகாலம் அப்பா, என்ர கலியாணத்தில என்னை அனுப்பேக்க ஐஸ் போடாம விட்டனீங்கள்.”

நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தே முக்கால் இருக்கும். பெரிய ஆண் நண்டொன்றின் கண் மெல்ல உள்ளே மடிந்தது.

“இழுக்குது பிள்ளை, இழுக்குது.”

பிறகு ஒன்று, இன்னொன்று. ஐந்து மட்டும் அசையவேயில்லை. அவற்றைக் கழித்துவிட்டு, நானாவின் கூடையில் மிஞ்சியிருந்தவற்றைப் போட்டு நிறையைச் சரிக்கட்டினோம்.

நானும் வாகனத்தில் ஏறிக்கொண்டேன். வழியில் எங்கே நின்றாலும் இறங்கிப் போய்க் கண் தொட்டுப் பார்த்தேன். சாரதிக்கு அலுத்துவிட்டது. கட்டுநாயக்காவில் பெட்டிகள் உள்ளே போனபிறகும் வேலிக்கு வெளியே நின்று, மேலே எழும்பிய ஒவ்வொரு விமானத்தையும் அதுதானோ என்று பார்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் மகளின் போனுக்குச் செய்தி வந்தது. எல்லா நண்டும் உயிரோடு இருக்கிறதாம், அடுத்த கிழமையும் அனுப்பட்டுமாம். அன்று பின்னேரம் நிலாவெளிக்குப் போன பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்கவில்லை, ஆனாலும் அவருக்கும் சொன்னேன்.

என்னைப் போல ஐஸோடு கிடந்தவர்கள் யாராவது நண்டு அனுப்ப இறங்கினால், நனைந்த சாக்கே போதும் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.