லேப் கம்ப்யூட்டரை மாடியோடு இணைத்த நாள்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் என் வண்டி நகர்ந்திருக்கும். நெட்வொர்க் வேலைக்கு வந்தவனுக்கு இந்தக் குணம் ஆகவே ஆகாது. அதிலும் பழைய கம்ப்யூட்டர்களோடு மாரடிப்பவனுக்கு.

பாகூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் புதிதாக நெட்வொர்க் போட்டிருந்தோம். மருந்தகம், லேப், மாடியில் டாக்டர் அறைகள் என்று மூன்று சப்நெட்டாக, அதாவது மூன்று தனித்தனித் தெருக்களாகப் பிரித்தாயிற்று. புதுக் கம்ப்யூட்டர்கள் சமர்த்தாக இணைந்துகொண்டன. லேப்பில் இருந்த கிழம் மட்டும் முரண்டு பிடித்தது. ரத்த அணுக்களை எண்ணும் மெஷினோடு சேர்ந்து வந்தது அது. மெஷினுக்குத் தனியாகத் திரை கிடையாது, எண்ணியதை அந்தக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும். அதனால் தூக்கிப் போடவும் வழியில்லை. என்றைக்கோ எவனோ போட்ட செட்டிங்படி, அதற்குக் கட்டடம் மொத்தமும் ஒரே தெரு. அடுத்த தெருவுக்குப் போக கேட்வே என்று ஒரு வாசல் உண்டு என்பதே அதற்குத் தெரியாது. மாடியில் இருக்கும் டாக்டரை நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராது, அப்படியே நின்றுவிடும்.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் பதினோரு மணி வரை கேபிளை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், அந்த எவனையோ வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில்தான், தெருவின் எல்லையைச் சொல்லும் மாஸ்க் எண் தப்பாக இருப்பது கண்ணில் பட்டது. சே, இதற்கா இவ்வளவு பாடு! இரண்டு எண்களை மாற்றினேன். ஒரு ரீஸ்டார்ட் போட்டால் வேலை முடிந்தது.

அப்போதுதான் லேப் அக்கா ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்திருந்தார். இரண்டு வயது இருக்கும், மூன்று நாளாகக் காய்ச்சல். நரம்பு அகப்படாமல், தட்டித் தட்டிச் சில சொட்டுகள்தான் கிடைத்தன. டெங்குவாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தட்டணுக்கள் எவ்வளவு என்று தெரிந்தால்தான் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய முடியும்.

"தம்பி, சாம்பிள் ஓடுது. அது முடியட்டும், அப்புறம் இன்னா வேணா பண்ணிக்க," என்றார் அக்கா, குழந்தையின் கையில் பஞ்சை அழுத்தியபடி.

"சரிக்கா" என்றேன். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். அதற்குள் என் விரல் அழுத்திவிட்டது.

திரை கறுத்தது. மெஷினும் நின்றது. கிழம் மறுபடி எழுந்து வர பத்து நிமிடம் ஆயிற்று. எழுந்ததும் மாடியோடு அழகாகப் பேசியது. குழந்தையின் ரிசல்ட் மட்டும் இல்லை. குழாயிலும் ஒரு சொட்டு மிச்சமில்லை, மெஷின் உறிஞ்சிவிட்டிருந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். தாயிடம் திரும்பி, "ரத்தம் ஒறைஞ்சிடுச்சும்மா, இன்னொரு வாட்டி எடுக்கணும்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "ஒறைஞ்சு போற வரைக்கும் வுட்டுட்டனாக்கா? நேத்தே இட்டாந்திருக்கணும். நடவுக்கு ஆளு இல்லன்னு கூப்ட்டாங்க, போயிட்டேன்."

இல்லம்மா, நான்தான் அணைத்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் இருந்த அந்த அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

"தம்பி, சும்மா நிக்காத. காலைப் புடி."

பிடித்தேன். கால் நெருப்பாகச் சுட்டது. இந்த முறை மூன்று இடங்களில் குத்த வேண்டியிருந்தது. குழந்தை கத்திக் கத்தி, பிறகு சத்தமே வராமல் அழுதது.

ரிசல்ட் வந்த நொடியில் மாடித் திரையிலும் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, மருந்து கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், இரண்டு நாள் கழித்து வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

போகும்போது அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"என்னால ஒங்களுக்கும் ரெண்டு வாட்டி வேலை சார். கோச்சிக்காதீங்க."

"பரவாயில்லம்மா" என்றேன்.